சானல் கரைச் சாலைக்கு யாரிடம் பணம் கேட்பது? குமரி உள்ளாட்சிகளுக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் 95 ஊராட்சிகள், ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள், சில நகராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி என ஏறக்குறைய 150 உள்ளாட்சிகள் இருக்கின்றன. சொந்த வரி வருவாயில் சம்பளம், தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் மின்கட்டணம் போனால் பெரும்பாலானவற்றில் கையில் நிற்பது சொற்பம். ஓடைப்பாலம் முதல் குளத்துப் பக்கச்சுவர் வரை எதற்கும் மேலே கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதில் குறைவில்லை. ஒரே மனுவில் எட்டுக் கோரிக்கை எழுதி, ஆட்சியர், எம்.எல்.ஏ., எம்.பி., துறை அமைச்சர், முதல்வரின் முகவரி என ஐந்து இடத்துக்கும் நகல் போகிறது. ஐந்து இடத்திலும் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று குறிப்பெழுதிக் கீழே அனுப்புவார்கள். ஐந்தும் கடைசியில் வந்து சேருவது அதே செயல் அலுவலரின் மேசைக்கு. அவரிடம் பணம் இல்லை என்பதால்தானே மேலே எழுதினோம்!

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்தச் சொத்து யார் பதிவேட்டில் இருக்கிறது?

பதிவேடு முதலில்

தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனாறு சானல், பட்டணங்கால் என்று நம் ஊர்ப் போக்குவரத்தில் பாதி சானல் கரையில் நடக்கிறது. கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். மேலே தார் போட்டது பேரூராட்சியாக இருக்கலாம். பள்ளம் விழுந்ததும் மக்கள் திட்டுவது வார்டு உறுப்பினரை. ஆனால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் எந்தத் திட்டத்திலும் அந்தச் சாலைக்கு நிர்வாக அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் தணிக்கையில் மாட்டும். சான்று கேட்கும்போது சாலையின் அகலம், சானல் பக்கத் தடுப்புச்சுவரின் அடித்தளம் கரைக்குள் எவ்வளவு இறங்குகிறது, தூர்வார வரும் இயந்திரம் இறங்க எங்கே வழி விடுகிறீர்கள் என்ற மூன்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டுத்தான் பல கோப்புகள் திரும்பி வருகின்றன.

மேற்கு வட்டங்களில் சிக்கல் வேறு. விளைகளுக்கு (தோட்ட நிலங்களுக்கு) நடுவே போகும் பாதைகள் பல, ஆட்கள் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தவை. புல வரைபடத்தில் பாதையே இருக்காது. அரசுப் பணம் செலவாக வேண்டுமென்றால், விட்டுக்கொடுத்த ஒவ்வொருவரும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து தர வேண்டும். பிறகு அது சாலைப் பதிவேட்டில் ஏற வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் போதும், ஒரு நிதியாண்டு போய்விடும். எனவே மனு எழுதுவதற்கு முன் ‘அ’ பதிவேட்டு (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புல வரைபடம், சாலைப் பதிவேட்டுப் பக்கம் ஆகிய மூன்றையும் எடுத்து வையுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலையாக இருந்தால் உள்ளாட்சி அதில் கை வைக்க முடியாது. உங்கள் வேலை அத்துறையின் கோட்டப் பொறியாளருக்கு மன்றத் தீர்மானத்தை அனுப்புவதோடு முடிந்துவிடும்.

குளங்களில் ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது தமிழகப் பொது வழக்கம். இங்கே அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. கோதையாற்றுத் தண்ணீர் பெறும் சின்னக் குளங்கள் பலவும் நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கின்றன. ஊகித்து எழுதாமல் பதிவேட்டைப் பாருங்கள்.

எம்.எல்.ஏ. நிதியா, எம்.பி. நிதியா

சிறிய வேலைக்கு எல்லோரும் முதலில் போவது இந்த இரண்டுக்கும்தான். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. தொகையை மட்டும் பார்த்தால் எம்.பி. நிதி பெரிது. ஆனால் குமரி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஐந்தை ஆறால் வகுத்தால் தொகுதிக்கு 83 லட்சம்தான். அதிலும் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. எம்.எல்.ஏ. நிதி மாவட்டம் முழுக்க 18 கோடி. அதை 150 உள்ளாட்சிகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 12 லட்சம். யாரும் சமமாகப் பங்கிடப் போவதில்லை. இருந்தாலும் இந்த 12 லட்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 லட்சம் பிடிக்கும் பாலத்துக்கு எம்.எல்.ஏ. நிதி கேட்பது, அவருடைய ஓராண்டு நிதியில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே வார்டுக்குக் கேட்பதாகும். ‘பார்க்கலாம்’ என்ற பதிலுக்குப் பொருள் அதுதான்.

நடைமுறையில் எம்.எல்.ஏ. நிதி வேகமானது. பணியை உள்ளாட்சியோ ஒன்றியமோ செய்யும். கோப்பு மாவட்டத்துக்குள்ளேயே சுற்றும். எம்.பி. நிதியில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல்படி பரிந்துரை, அனுமதி, பணம் விடுவிப்பு எல்லாம் இணையதளத்தில். பரிந்துரை வந்த 45 நாளுக்குள் மாவட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். இந்த 45 நாள் கணக்கு கேட்பவருக்கு நல்ல பிடி. இழுத்தடித்தால் தேதி குறிப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் நிலம் வாங்க, வழிபாட்டுத் தலத்தின் வளாகத்துக்குள் கட்ட, அரசு அலுவலகக் கட்டடத்துக்கு எல்லாம் அதில் இடமில்லை. கோயில் திடலுக்கோ தேவாலய மைதானத்துக்கோ உயர்கோபுர விளக்கு கேட்கும் மனுக்கள் நிலத்தின் பெயரிலேயே அடிபடும். அதே விளக்கு எதிரே உள்ள பேரூராட்சிப் புறம்போக்கில் நிற்கும்படி இடம் காட்டினால் பிரச்சினை இல்லை.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: தேர்தல் நடத்தை விதி அறிவிக்கும் நாளில் வேலை களத்தில் தொடங்கியிருக்காவிட்டால், கோப்பு அங்கேயே நிற்கும். இன்னொரு ஆபத்து மேலிருந்து வரும். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி எம்.பி. நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது; 2021 நவம்பரில்தான் திரும்பியது. ஆகவே ஒரே பணியைப் பகுதி பகுதியாக இரண்டு ஆண்டு எம்.பி. நிதியில் கட்டுவதாகத் திட்டமிடாதீர்கள். கூரை இல்லாமல் நிற்கும் சமுதாயக் கூடங்களில் சில இப்படித்தான் உருவாகின்றன.

கேட்கும் தொகையில் நடக்கும் தவறு வரிக்கணக்கில் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் அரசு, உள்ளாட்சி ஒப்பந்தப் பணிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு 12. வரி சேர்க்காமல் ‘300 மீட்டர் சாலைக்கு 10 லட்சம்’ என்று கேட்டு, 10 லட்சமே கிடைத்தால், வேலைக்கு நிற்பது 8.47 லட்சம். சாலை 254 மீட்டரில் முடியும். கடைசி நான்கு வீட்டுக்காரர்கள் மன்றத்துக்கு வருவார்கள். 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் 300 மீட்டருக்கு 135 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். களத்தில் அகலம் 3.5 மீட்டர் என்று மாறினால் அது 157.5 ஆகிவிடும். மதிப்பீடு போடும் நாளில் இளநிலைப் பொறியாளருடன் நாடா பிடித்து நடப்பது, பிறகு அமைச்சரைப் பார்க்கச் சென்னைக்குப் போவதைவிடப் பலன் தரும்.

நிதிக்குழு மானியம்: உரிமைப் பணம், ஆனால் கட்டோடு வரும்

மத்திய நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கென்று பரிந்துரைக்கும், கேட்டு வாங்க வேண்டாத பணம் இது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் கட்டப்பட்டது. மீதி 40 சதவீதம்தான் உள்ளூர்த் தேவைக்கு, அதிலும் சம்பளத்துக்குத் தொட முடியாது. சாலைக்கு இதில் எவ்வளவு எடுக்கலாம் என்பது இந்த 40க்குள் அடங்கிய கேள்வி. பேரூராட்சி, நகராட்சிகளுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயித்து, வசூலை ஆண்டுதோறும் உயர்த்திக் காட்ட வேண்டும். 2022இல் சொத்து வரி ஏறியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 2026 ஏப்ரல் முதல் 16ஆவது நிதிக்குழுவின் காலம். பழைய விகிதங்களை வைத்துப் புதிய காலத்துக்கான திட்டம் எழுதாமல், புதிய வழிகாட்டுதல் கைக்கு வந்த பிறகு எழுதுங்கள்.

ஊராட்சிகளுக்கு இப்போது இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் தேர்வான மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் வராது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்கள் 2022 பிப்ரவரியில் தேர்வானவை. அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, எல்லையின் ஒரு பக்கம் பேரூராட்சி, மறுபக்கம் ஊராட்சி என்று இருக்கும் ஊரில் ஒரே ஓடையின் இரண்டு கரைக்கும் இரண்டு கதை. மன்றம் இல்லாத காலத்தில் ஊராட்சி மக்கள் கையில் இருப்பது கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் எழுதப்பட்ட தீர்மானத்தைத் தனி அலுவலரும் கோப்பில் வைத்தாக வேண்டும்.

நமக்கு நாமே: பணம் இருக்கும் ஊருக்கு ஏற்றது

‘நமக்கு நாமே’ என்ற மாநிலத் திட்டத்தில், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 25 லட்சம் ரூபாய் வேலைக்கு 8.33 லட்சம். மக்கள் பங்கு பாதியைத் தொட்டால் வேலையை அவர்களே செய்யவும் வழி உண்டு, ஒப்பந்தக்காரர் தேவையில்லை. வளைகுடாவில் ஆட்கள் இருக்கும் ஊர், பழைய மாணவர் சங்கம் வலுவாக உள்ள பள்ளி, வியாபாரிகள் சங்கம் இவற்றுக்கு இது கனகச்சிதம். நிதி ஒதுக்கீடும் ஒப்பீட்டளவில் விரைவு. பங்குத்தொகையை வங்கி வரைவோலையாக முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால், வசூலை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பாதி வசூலில் விண்ணப்பித்துவிட்டு, அனுமதி வந்ததும் மீதிக்கு அலைவதில் ஊருக்குள் சண்டைதான் மிஞ்சும். கூலி வேலை செய்பவர்கள் மட்டும் இருக்கும் குடியிருப்புக்கு இந்த வழியைச் சொல்லும் அலுவலரைப் பார்த்தால், அந்தக் குடியிருப்புக்கு எம்.பி. நிதியின் 15 சதவீதம் பொருந்துமா என்று கேளுங்கள்.

மாநிலத் திட்டங்கள், நபார்டு கடன்

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2021–22 முதல் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம். சந்தை, பேருந்து நிலையம், பூங்கா, எரிமேடை, அறிவுசார் மையம் போன்றவை இதில் வரும். பேரூராட்சி என்றால் கோப்பு உதவி இயக்குநர் வழியாகச் சென்னையில் பேரூராட்சிகள் இயக்குநரகத்துக்குப் போகும். நகராட்சி என்றால் மண்டல இயக்குநர் வழியாக நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு. 50 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இதுவே சரியான இடம். எம்.எல்.ஏ.வின் பங்கு இங்கே பணம் தருவதில் இல்லை, சட்டமன்றத்தில் துறைவாரி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் உங்கள் பணியைத் துறையின் பட்டியலில் சேர்க்க வைப்பதில். துறைகள் அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் தயாரிப்பது மழைக்காலத்திலேயே. பிப்ரவரியில் கொடுக்கும் மனு அதற்கடுத்த ஆண்டுக்குத்தான் போகும்.

அம்ருத் 2.0 என்ற மத்திய அரசுத் திட்டம் நகரங்களின் குடிநீர், கழிவுநீர், நீர்நிலைப் புனரமைப்புக்கானது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை என்றால் மத்திய அரசு பாதி தரும். 2011 கணக்கில் 2.24 லட்சம் பேர் உள்ள நாகர்கோவில் போன்ற ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 2021 அக்டோபரில் தொடங்கும்போதே இதன் காலம் ஐந்தாண்டு என்று வகுக்கப்பட்டது. புதிய பணியை இதில் சேர்த்துத் தருவதாக யாராவது சொன்னால், காலநீட்டிப்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

பாலம், தடுப்பணை, சானல் சீரமைப்பு, மீன் இறங்குதளம் போன்ற கோடிக்கணக்கு வேலைக்கு நபார்டு (தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி) தரும் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. 1995–96 முதல் நடக்கிறது. கடன் வாங்குவது மாநில அரசு. இரண்டாண்டுச் சலுகைக் காலம் உட்பட ஏழாண்டில் திருப்பிச் செலுத்துவதும் அதுவே. சாலை, பாலத்துக்குச் செலவில் 80 சதவீதம் வரையும், பாசனத்துக்கு 95 சதவீதம் வரையும் கிடைக்கும் என்பதால் துறைகளுக்கு இதில் ஆர்வம் உண்டு. உள்ளாட்சி நேராக விண்ணப்பிக்க முடியாது. செய்யக்கூடியது, நிலச் சிக்கலை முழுக்கத் தீர்த்து, மண் பரிசோதனைக்கு இடம் கொடுத்து, துறைப் பொறியாளர் விரிவான திட்ட அறிக்கை எழுதும் நிலைக்குக் கொண்டுவருவது. மனு கொடுப்பதைவிட இது கடினம். பலன் தருவது இதுதான்.

மார்ச் 31உம் சானல் தண்ணீரும்

வேறு மாவட்டத்துக்கு எழுதப்பட்ட நாட்காட்டி இங்கே பொருந்தாது. கோதையாற்றுப் பாசனத்துக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூன் 1, அடைப்பது பிப்ரவரி 28. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களும் இந்த ஒன்பது மாதத்தில் முடிகின்றன. தண்ணீர் ஓடும் சானலில் பக்கச்சுவர் கட்ட முடியாது. நிரம்பிய குளத்தில் தூர்வார முடியாது. மிஞ்சுவது மார்ச், ஏப்ரல், மே. அதிலும் மே கடைசியில் மழை முந்தினால் இரண்டு வாரம் குறையும். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது.

இந்த மோதலில் தோற்ற வேலைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. டிசம்பரில் ஒதுக்கீடு வரும், ஜனவரியில் ஒப்பந்தம் திறக்கும், பிப்ரவரியில் ஒப்பந்தக்காரர் குளத்தைப் பார்த்துவிட்டுத் ‘தண்ணி வத்தட்டும்’ என்பார். மார்ச் மூன்றாம் வாரம் வரை காத்திருந்து, மாத முடிவுக்குள் பட்டியல் போட வேண்டும் என்ற அவசரத்தில் கரையோரம் மட்டும் சுரண்டி, பயன்பாட்டுச் சான்று போய்விடும். அடுத்த ஆண்டு அதே குளத்துக்கு மீண்டும் கேட்டால், ‘சென்ற ஆண்டே செய்யப்பட்டது’ என்று பதில் வரும்.

எனவே குளம், சானல் வேலைக்கு மனு ஜூன், ஜூலையில் போக வேண்டும். செப்டம்பருக்குள் தொழில்நுட்ப அனுமதி, டிசம்பருக்குள் நிர்வாக அனுமதி, ஜனவரியில் ஒப்பந்தப்புள்ளி, பிப்ரவரி கடைசி வாரத்தில் பணி ஆணை, மார்ச் முதல் வாரம் களத்தில் இயந்திரம். நிதி அடுத்த ஆண்டுக்குத் தாண்டக்கூடிய திட்டமா என்று அனுமதி வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நபார்டு போன்ற பல்லாண்டுத் திட்டங்கள் இந்த இடத்தில் எம்.எல்.ஏ. நிதியைவிட வசதியானவை.

தூர்வாருவது மட்டும் என்றால் பணமே தேவைப்படாமலும் போகலாம். ஒரு ஹெக்டேர் குளத்தில் அரை மீட்டர் வண்டல் எடுத்தால் 5,000 கன மீட்டர். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆபத்து தெரிந்ததுதான்: விவசாயப் பெயரில் எடுத்த மண் செங்கல் சூளைக்குப் போகும், குளத்தின் அடியில் ஒரே இடத்தில் கிணறுபோல் பள்ளம் விழும். ஆழ அளவுக்கு நான்கு இடத்தில் கல் நட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று அனுமதி நிபந்தனையில் எழுத வைத்தால் ஓரளவு கட்டுப்படும்.

கடலரிப்பு: உள்ளாட்சிக்கு எட்டாத தொகை, உள்ளாட்சி இல்லாமல் நகராத கோப்பு

மேற்குக் கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எட்டு ஊர்களும் ஒரே உள்ளாட்சியில் இல்லை. நகராட்சியிலும் ஊராட்சியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை அடிக்கும்போது எல்லை பார்த்தா அடிக்கிறது! ஒவ்வோர் ஊரும் தனக்கொரு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) கேட்கிறது. ஒரு வளைவு, கரையோரம் நகரும் மணலை ஒரு பக்கம் பிடித்து வைக்கும். மறுபக்கத்து ஊருக்கு மணல் போகாமல் அரிப்பு கூடும். அதனால்தான் தனி ஊரின் மனுவைத் துறை தயங்கித் தயங்கி நகர்த்துகிறது.

எம்.எல்.ஏ., எம்.பி. நிதி இதற்குப் பொருட்டே அல்ல. நீர்வளத் துறையோ மீன்வளத் துறையோ கடல் ஆய்வு செய்வித்து, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கி, நபார்டு கடனிலோ மாநில நிதியிலோ செய்ய வேண்டும். மத்திய வழி ஒன்றும் திறந்தது: 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, அரிப்புத் தடுப்புக்கென தேசியப் பேரிடர் தணிப்பு நிதியில் 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரை மறுகுடியமர்த்த 1,000 கோடியும் நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. அதைக் கேட்க வேண்டியது மாநில அரசு. கடற்கரை நீளமாக உள்ள எல்லா மாநிலங்களும் ஆற்றரிப்பு மாநிலங்களும் போட்டியிடும் தொகை அது. எங்கள் கணிப்பில் வளைவுக்கு நபார்டு வழியே விரைவு. வீடு இழந்தவர்களுக்கு மத்திய வழியையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஊருக்குள் தேவாலயப் பங்குப் பேரவையின் முடிவுக்குத்தான் மரியாதை. கோப்பில் மதிப்பு பெறுவது மன்றத் தீர்மானமும் கிராமசபைத் தீர்மானமும். இரண்டும் வேண்டும், எட்டு ஊரும் ஒரே வாசகத்தில், முழு நீளத்துக்கும் ஒரே ஆய்வு என்று கேட்டால் பொறியாளருக்கு மறுக்கக் காரணம் குறையும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்திலிருந்து, மின்கம்பம் போன்ற அசையாத பொருள் தெரியும்படி எடுத்த படங்கள், இடிந்த வீடுகளின் வரி ரசீது எண் பட்டியல், கிராம நிர்வாக அலுவலரின் சேத அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். கண்ணீர்ப் படம் செய்தித்தாளுக்கு உதவும், திட்ட அறிக்கைக்கு உதவாது.

மலைப்பக்கத்துக்கு ஒரு குறிப்பு. பேச்சிப்பாறை ஊராட்சியின் காணி பழங்குடியினர் குடியிருப்புகளுக்குச் சாலை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் என்றால் பணத்துக்கு முன் வன அனுமதி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராமசபை பரிந்துரையோடு மாவட்ட அளவிலேயே முடித்துக்கொள்ள வழி உண்டு. இதை விட்டுவிட்டு முழு வனப் பாதுகாப்புச் சட்ட நடைமுறைக்குள் போனால் ஆண்டுக்கணக்காகும்.

பணம் வேறு, விதி வேறு

சில கோரிக்கைகளுக்குப் பணம் தீர்வல்ல, விதி மாற வேண்டும். இவற்றைச் சாலை மனுவோடு சேர்த்து எழுதுவதுதான் பெரும் பிழை. இரண்டும் இரண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியவை.

குமரிக்கே உரிய விதிச் சிக்கல், 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தார் என்பது. ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்பும் நிறைந்த பேரூராட்சியில் பால்வெட்டுத் தொழிலாளி நகரவாசி! நூறு நாள் வேலை இல்லை, வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் இல்லை, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இல்லை. 2004இல் மாநில அரசு, மத்திய ஊரக நிதியைப் பெறுவதற்காக 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. 2006இல் திரும்பப் பேரூராட்சிகளாக்கியது. நூறு நாள் வேலை இந்த மாவட்டத்துக்கு வந்ததோ அதற்குப் பிறகு, 2008இல். இப்போது மீண்டும் சிறப்பு ஊராட்சி நிலை வேண்டும் என்று கேட்டால் வார்டு அமைப்பு, பணியாளர், வரி விகிதம் எல்லாம் மாற வேண்டும். எந்த அரசும் எளிதில் தொடாது.

மாற்று வழிகள் இரண்டு. ஒன்று, மத்தியச் சட்டத்தில் ‘ஊரகப் பகுதி’ என்ற வரையறையைத் திருத்தக் கேட்பது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் நகர உள்ளாட்சிப் பகுதிகளை வெளிப்படையாக விலக்கியது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த, 125 நாள் சொல்லும் சட்டமும் ஊரகத்துக்கானதே. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய விஷயம் இது. எம்.பி. மக்களவையில் 377ஆவது விதியின் கீழ் பேசலாம். பதில் கடிதமும் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, 2021–22இல் மாநில அரசு 100 கோடி ஒதுக்கி முன்னோடியாகத் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைக் குமரியின் பேரூராட்சிகளுக்கு விரிக்கக் கேட்பது. இதற்குச் சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும். சானல் தூர்வாரும் வேலையைத் திட்டப்பணியாகக் காட்டினால் நீர்வளத் துறையையும் துணைக்கு இழுக்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் உழைக்க முடியும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ரயில்வே கோரிக்கைகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். குமரி மாவட்டப் பாதைகளைத் திருவனந்தபுரம் கோட்டத்திலிருந்து மதுரைக் கோட்டத்துக்கு மாற்றுவது ரயில்வே வாரியத்தின் முடிவு. ஒரு பேரூராட்சித் தீர்மானம் அதை அசைக்காது. ஒரு கடவுப்பாதைக்கு மேம்பாலம் கேட்பது வேறு. அதில் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப்பாதியாகப் பகிரும் வழக்கம் உண்டு; அணுகுசாலைக்கு நிலம் தர உள்ளாட்சி இசைந்தால் கோப்பு உண்மையிலேயே நகரும்.

தீர்மானத்தின் வாசகத்தில் நிறைய இருக்கிறது. ‘பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கையை நிறைவேற்ற அரசைக் கேட்டுக்கொள்ள மன்றம் தீர்மானிக்கிறது’ என்பதைப் படித்த அதிகாரிக்குச் செய்ய ஒன்றுமில்லை; கோப்பில் கட்டிவிடுவார். எந்த அரசாணை, எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல் மாற வேண்டும், மாறினால் எத்தனை குடும்பம் பயன்பெறும், கூடுதல் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் என்று எழுதினால் அவர் மேலே குறிப்பு வைத்தே ஆக வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் வீட்டுக்கு வரைபட அனுமதி தாமதமாகிறது என்ற புகாரும் அப்படியே. ‘பட்டியலை நீக்குக’ என்றால் சூழல் காரணம் சொல்லி மறுப்பது எளிது; குறிப்பிட்ட பரப்புக்கு உட்பட்ட ஒற்றை வீடுகளுக்கு மாவட்ட அளவில் அதிகாரம் கேட்டால் விவாதிக்கவாவது செய்வார்கள்.

தீர்மான நகல், மதிப்பீடு, நிலப் பதிவேடு, தடையின்மைச் சான்று நான்கும் சேர்த்து அனுப்பியபின் கோப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கடந்தும் அசைவு இல்லையென்றால், திரும்பத் திரும்ப மனு எழுதாமல், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை விண்ணப்பம் போட்டு, ‘இந்த எண்ணுள்ள கோப்பின் இன்றைய நிலை, குறிப்புத் தாள்களின் நகல்’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். குறிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் எந்த அலுவலகம், எந்த ஆவணம் இல்லையென்று கோப்பை நிறுத்தியிருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கும். அடுத்த கடிதத்தை அந்த அலுவலகத்துக்கு, அந்த ஆவணத்தோடு எழுதினால் போதும்.